ஆறுதலாகச் சொல்லுங்கோ

ஒரகடத்தில் ஷேர் ஆட்டோ ஏறி, "சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில இறக்கி விடுங்கோ" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அக்கா கேரளாவா?" என்று கேட்டுவிடுவார். நான்கு வருடங்களாக இது நடக்கிறது. ஆள் மாறுவார், ஆட்டோ மாறும், கேள்வி மட்டும் மாறாது. முதல் வருடம் முழுக்க விளக்கம் சொன்னேன். இல்லை தம்பி, நான் இலங்கை, யாழ்ப்பாணம், நான் பேசுவதும் தமிழ்தான் என்பேன். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "ஆனா தமிழ் சூப்பரா பேசறீங்கக்கா" என்று பாராட்டுவார்கள். இரண்டாம் வருடம் களைத்துப்போய், கேட்டதற்கெல்லாம் "ஓம்" என்று சொல்லத் தொடங்கினேன். எங்கள் ஊரில் "ஆமாம்" என்பதற்கு அதுதான் சொல். ஒரு டிரைவர் நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்து, முன்னால் ஒட்டியிருந்த முருகன் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்றாம் வருடம் ஒருநாள் "ஆமா, கேரளா" என்று பொய்யே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த செக்யூரிட்டி உடனே மலையாளத்தில் எந்த ஊர் என்று விசாரிக்க, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மீதித் தூரத்தை வெயிலில் நடந்தேன்.

இப்படித் தமிழ்நாட்டில் தமிழ் பேசித் திண்டாடுகிற ஒருத்தியிடம்தான் நீங்கள் ஆலோசனை கேட்டு எழுதுகிறீர்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பட்டம் முடித்த பிள்ளைகள், ரொறொன்ரோவில் படித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி. மக்கள் தொடர்புத் துறையில் நேர்முகப் பரீட்சைக்கு அழைத்திருக்கிறார்கள், என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்வது? பத்துக் குறிப்புகள் எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். நேரத்துக்குப் போங்கள், உடுப்பை மினுக்கி, மடிப்புக் கலையாமல் போடுங்கள், கண்ணைப் பார்த்துக் கதையுங்கள் என்று எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்தது. அதோடு, போன மாதம் எங்கள் கம்பெனியில் நாங்கள் நடத்திய நேர்முகத்துக்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த நாளை மறைத்துவிட்டு ஆலோசனை மட்டும் சொன்னால் அது பொய். ஆகவே இரண்டையும் கலந்தே எழுதுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துறைக்கு வருகிற அநேகமாக எல்லோரும் உட்கார்ந்தவுடன் சொல்கிற வசனம், "எனக்கு மக்களோடு பேசப் பிடிக்கும்" என்பது. பேசப் பிடித்தவர்கள் ஷேர் ஆட்டோவிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்கப் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நிமிர்ந்து உட்காரலாம் என்று காத்திருக்கிறேன், இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. அடுத்தது, கம்பெனியின் இணையதளத்தை மனப்பாடம் செய்துகொண்டு வருவது. எங்கள் கம்பெனி கார்களுக்கு வயரிங் செய்கிறது. எந்த வருடம் தொடங்கியது, எத்தனை நாடுகளில் கிளை என்றெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். மதில் சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். வெளியே ஒரு ஏரி இருக்கிறது. ஏரிக்கரையில் ஒரு ஊர் இருக்கிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்த ஊருக்குப் போகும் பாதையை எங்கள் பஸ்கள் அடைத்துக்கொண்டு நிற்பதால் வாரத்துக்கு ஒரு சண்டையும் இருக்கிறது. மக்கள் தொடர்பு என்று சொல்கிறோமே, அந்த மக்கள் இவர்கள்தான். நேர்முகத்துக்கு முதல்நாள் அந்தக் கம்பெனியை ஒருமுறை சுற்றி நடந்துவிட்டு, கேட்டுக்கு எதிரே உள்ள தேநீர்க்கடையில் அரைமணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

என்னுடைய முதல் நேர்முகம் இதே கம்பெனியின் கொழும்புக் கிளையில் நடந்தது. இரண்டாம் மாடியில் குளிரூட்டிய அறை, நீள மேசை, மேசைக்கு அப்பால் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். அவர் ஆங்கிலத்தில் முதலில் கேட்ட கேள்வி, எங்கிருந்து வருகிறீர்கள் என்பது. யுத்தம் நடந்த அந்த நாட்களில் அந்தக் கேள்வியை என்னிடம் சோதனைச் சாவடிகளில் மட்டும்தான் கேட்டிருந்தார்கள். என் கை தானாகவே கைப்பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டது. அவர் நல்ல மனிதர். அட்டையைத் தொடவில்லை. பஸ்ஸில் நெரிசலாக இருந்ததா என்று கேட்கத்தான் வந்தேன் என்றார். வேலை கிடைத்தது. பதினெட்டு வருடங்கள் ஆங்கிலத்தில் எழுதினேன், சிங்களத்தில் கூட்டங்கள் நடத்தினேன். தமிழை மதியச் சாப்பாட்டுப் பெட்டியோடு திறந்து, சாப்பாட்டுப் பெட்டியோடு மூடி வைத்தேன். ஒரகடத்துக் கிளையில் தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர் தேவை, போகிறாயா என்று தலைமை அலுவலகத்தில் கேட்டபோது, சம்பளம் என்ன என்று கேட்காமலே சரி என்று சொன்னதற்குக் காரணம் அதுதான். முழு நாளும் தமிழில் வேலை செய்யலாம் என்ற ஆசை.

ஆசைப்பட்டு வந்து நான் எழுதிய முதல் செய்திக் குறிப்பில் "லொறி" என்று இருந்தது. உள்ளூர் நிருபர் போன் செய்து, "மேடம், லாரியா, இல்ல வேற ஏதாவது புது வண்டியா?" என்று கேட்டார். "பொறியியலாளர்" என்று எழுதினால் "பொறியாளர்" என்று வெட்டினார்கள். மனிதவள மேலாளர் சேகர் சேலத்துக்காரர், எனக்குக் கீழே ஆள் எடுப்பதும் என் விசாவுக்குக் கடிதம் கொடுப்பதும் அவர்தான். "உங்க தமிழுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் போடணும் மேடம்" என்று வாரம் ஒருதரம் பகிடி விடுவார். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தச் சிரிப்பு வீடுவரை வருவதில்லை. வெளிநாட்டவருக்கு வேலை விசாவை வருடா வருடம் நீட்டிக்க வேண்டும். இந்த வேலைக்கு இவர்தான் தேவை, இன்ன காரணத்துக்காகத் தேவை என்று கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டும். போன மாதம் அந்தக் கடிதம் எழுதப்படாமல் சேகரின் மேசையில் கிடந்தது. அந்த வாரத்தில்தான் எங்கள் பிரிவுக்கு ஒரு இளம் அலுவலர் எடுக்க நேர்முகம் வைத்தோம்.

ஒரு இடத்துக்கு ஆறு பேர் வந்தார்கள். அறையில் சேகரும் நானும் மட்டும். எல்லோருக்கும் ஒரு கேள்வி பொதுவாக வைத்திருந்தோம், சேகர்தான் கேட்பார். "நம்ம பிளாண்ட்ல ஒரு விபத்துன்னு வச்சுக்குங்க. ஒரு தொழிலாளிக்குக் கையில பலமான அடி. கேட்டுல பத்திரிகைக்காரங்க நிக்கறாங்க. முதல் அரைமணி நேரத்துல என்ன சொல்லுவீங்க?" முதல் நான்கு பேரும் பாடப்புத்தகத்தில் உள்ளதைச் சொன்னார்கள். விபத்து நடந்தது உண்மை, விசாரணை நடக்கிறது, பாதுகாப்புக்கு எங்கள் நிறுவனம் முதலிடம் கொடுக்கிறது என்று நால்வரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி சொன்னார்கள். பிழை ஒன்றுமில்லை. சேகர் மதிப்பெண் போட்டுக்கொண்டே போனார்.

ஐந்தாவதாக வந்தவள் எஸ்தர். வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம், அப்பா இதே தடத்தில் இன்னொரு உதிரிப்பாகக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி, காஞ்சிபுரம் பக்கத்தில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்திருந்தாள். மழைக்குப் பயந்து சான்றிதழ்களை ஜவுளிக்கடைப் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். முதல் கேள்விகளுக்கெல்லாம் நன்றாகத்தான் பதில் சொன்னாள். விபத்துக் கேள்வி வந்ததும் தடுமாறிவிட்டாள். கை ஜவுளிக்கடைப் பையின் காதைத் திருகத் தொடங்கியது. எனக்கு என் முதல் நேர்முகம் ஞாபகம் வந்தது, அந்தப் பெரியவரின் முகமும். மனம் இளகி, "அவசரமில்லை பிள்ளை. ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை முழுக்க என் பக்கம் திருப்பினாள். குரல் மாறிவிட்டது. "அம்மா, அழாதீங்கம்மா. உசுருக்கு ஒண்ணும் இல்ல, கையிலதான் அடி. நம்ம ஆளுங்க கூடவே கீறாங்க. வெளிய வண்டி நிக்குது, நானே உங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போறேன். வூட்ல புள்ளைங்கள யாரு பாத்துக்கறாங்க? பக்கத்து வூட்ல வுட்டுட்டு வாங்க, நான் நிக்கறேன்." இவ்வளவையும் என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது, அதை மறைக்கத் தண்ணீர்க் குவளையை எடுத்தேன். சேகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பத்திரிகைக்காரங்களுக்கு என்ன சொல்லுவீங்கன்னு கேட்டேன்மா" என்றார். அவள் குழம்பிப்போய் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவங்களுக்கு அப்புறமா சொல்லலாம் சார்" என்றாள். அதற்குப் பிறகு ஒன்றுமே ஒழுங்காக வரவில்லை.

அவள் போனதும் சேகர் தாளில் "உணர்ச்சிவசப்படுகிறார், பொருத்தமில்லை" என்று எழுதினார். நானும் என் தாளில் "கேள்வி விளங்கவில்லை" என்று எழுதினேன். எழுதும்போது ஏதோ உறுத்தியது, என்னவென்று தெரியவில்லை. ஆறாவது ஆளையும் முடித்துவிட்டு, தேநீர் குடிக்கக் கேட்டுக்கு வெளியே வந்தேன். எதிரே வாலாஜாபாத் பஸ்ஸுக்காக எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சாலையைக் கடந்து வந்தாள். ஷிப்ட் பஸ்கள் வரிசையாக இரைச்சலோடு திரும்பிக்கொண்டிருந்ததால் உரக்கவே பேச வேண்டியிருந்தது.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கோ."

"எனக்கு முன்னாடி போனவங்கல்லாம் பிரஸ்ஸுக்கு ஸ்டேட்மெண்ட்தான் கேட்டாங்கன்னு சொன்னாங்க. எங்கிட்ட மட்டும் ஏன் மேடம் ஆறுதல் சொல்லச் சொன்னீங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆறுதலாக என்றால் மெல்ல, பதறாமல், நேரம் எடுத்து என்று அர்த்தம். ஆறுதலா வாங்கோ, ஆறுதலாச் சாப்பிடுங்கோ என்று ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்கிறோம். இங்கே அந்தச் சொல் துக்கத்துக்கு மட்டும்தான். இழவு வீட்டிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் சொல்வதுதான் இங்கே ஆறுதல். விபத்துக் கேள்வியைப் போட்டுவிட்டு ஆறுதலாகச் சொல் என்றால் அவள் வேறென்ன செய்வாள்? அடிபட்டவனின் மனைவியாக என்னை நினைத்துக்கொண்டு தேற்றியிருக்கிறாள். கேள்வி விளங்காதது அவளுக்கு அல்ல. "அப்பவே என்னட்டக் கேட்டிருக்கலாமே பிள்ளை" என்றேன், என் பிழையை அவள் தலையில் கட்டுகிற குரலில். "கேக்கலாம்னுதான் மேடம் இருந்துச்சு. இன்டர்வியூல போய் இன்னா சொல்றீங்கன்னு கேட்டா, இவளுக்குத் தமிழே தெரியலன்னு நெனச்சுக்குவீங்களோன்னு வுட்டுட்டேன்" என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. நான் உண்மையைச் சொல்லவில்லை. பார்த்துப் போங்கோ என்று மட்டும் சொன்னேன்.

பிள்ளைகளே, உங்களுக்கு நான் தரக்கூடிய ஒரே உருப்படியான ஆலோசனை இதுதான். கேள்வி விளங்கவில்லை என்றால், அல்லது விளங்கிவிட்டது என்று நினைத்தாலும் ஏதோ இடறினால், திருப்பிக் கேளுங்கள். நீங்கள் சொன்னதை நான் இப்படி விளங்கிக்கொண்டேன், சரிதானா என்று கேட்பது அறியாமை இல்லை. இந்தத் தொழிலே அதுதான். கேட்டதற்காக ஒருவரை வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் நீங்கள் வேலை செய்யவும் வேண்டாம். இதை எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன் பாருங்கள். அன்றைக்குத் தேநீர்க்கடையில் நின்ற எனக்கு, என் சொந்த ஆலோசனையைப் பின்பற்ற முக்கால் மணி நேரம் பிடித்தது.

பயந்தேன், அதுதான் உண்மை. உள்ளே போய்ச் சேகரிடம் சொன்னால், நான்கு வருடமாக அவர் பகிடியாகச் சொன்னதை நானே எழுத்தில் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தமிழ் தெரிந்தவர் என்று என்னை வரவழைத்தார்கள், என் தமிழால் ஒரு பிள்ளையின் வேலை போகிறது. விசாக் கடிதம் இன்னும் கையெழுத்தாகவில்லை. மாலை ஐந்து மணிக்கு மதிப்பெண் தாள்கள் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும், பிறகு எதையும் மாற்ற முடியாது. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளுக்கு இன்னொரு வேலை கிடைக்கும், எனக்கு அப்படிக் கிடைக்குமா என்றெல்லாம் கணக்குப் போட்டேன். மதிலோரம் முனைவரை நடந்து, திரும்பி, மறுபடி நடந்தேன். பார்சல் பகுதிக்கு வேலைக்கு வந்த ஒடிசாக்காரர் ஒருவர் நான் வழி தெரியாமல் அலைகிறேன் என்று நினைத்து, இந்தியில் கேட்டைக் காட்டினார். அவர் காட்டிய திசையிலேயே போனேன்.

சேகர் நான் சொன்னதைக் கேட்டு முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார். "அப்ப அந்தப் பொண்ணு சரியாத்தான் பதில் சொல்லியிருக்கு" என்றார். அவரைப் பற்றி நான் என்ன குறை சொன்னாலும், நியாயம் தெரிந்த மனிதர். தாளில் எழுதியதை அடித்துவிட்டு மறுநாளே அவளை மீண்டும் அழைத்தார். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. பத்திரிகைக்காரர்களுக்கான பதிலை அவள் மூன்று வரியில் தெளிவாகச் சொன்னாள். கடைசியில் தானாகவே ஒன்று சேர்த்தாள். "ஆனா சார், வூட்டுக்காரங்களுக்குச் சொல்லாம பிரஸ்ஸுக்குச் சொல்லக் கூடாது. எங்க பெரிப்பாவுக்கு முன்னாடி ஒரு கம்பெனில மெஷின்ல கை மாட்டிக்கிச்சு. பெரிம்மாவுக்கு அது வாட்ஸ்அப்ல வந்த போட்டோ பாத்துதான் தெரியும். நேத்து மேடம் ஆறுதல் சொல்லச் சொன்னதும் எனக்கு அவங்க ஞாபகம்தான் வந்துச்சு." சேகர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அன்று மதியமே வேலை அவளுக்கு என்று முடிவாகிவிட்டது.

எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இரண்டு நாட்கள் இருந்தது. மூன்றாம் நாள் சேகர் என்னை அழைத்து, விசாக் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். தயக்கத்தோடுதான் பேசினார். "மேடம், இனிமே தமிழ்ல போறது எல்லாத்தையும் எஸ்தரே பார்க்கட்டும். ஊர்க்காரங்க, பஞ்சாயத்து, லோக்கல் பிரஸ் எல்லாம். நீங்க இங்கிலீஷையும் கொழும்பு கிளையையும் பார்த்துக்குங்க. தப்பா எடுத்துக்காதீங்க, விசாவுக்கும் அதுதான் நல்லது. தமிழ்நாட்டுல தமிழுக்கு எதுக்கு ஒரு வெளிநாட்டு ஆள்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் எனக்கு அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. நன்றி சொல்லிவிட்டு, கடிதத்தை என் இடத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

என் மேசைக்கு அடுத்த மேசையில், உடனே வேலையில் சேர்ந்துவிட்ட எஸ்தர் உட்கார்ந்து, ஏரிக்கரை ஊர்த் தலைவரோடு பஸ் பிரச்சினையைப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான்கு வருடம் நான் முயன்று தீராத சண்டை. அவள் ஒரே நேரத்தில் அதட்டினாள், சிரித்தாள், அண்ணே அண்ணே என்று கெஞ்சினாள். நான் கடிதத்தை வாசித்தேன். இவருக்குத் தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் ஆங்கிலம், சிங்களம் என்று தட்டச்சு செய்திருந்தார்கள். வேறு மொழி எதுவும் இல்லை. விண்ணப்பதாரர் மேலே உள்ள விபரங்கள் உண்மையென உறுதி செய்து ஒப்பமிட வேண்டும் என்று கீழே ஒரு வரி இருந்தது. இரண்டு தரம் வாசித்தேன். பிறகு பேனாவை எடுத்து, எனக்கு வேறு விதமாகக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதால், தமிழில் போட்டேன்.